பயிலா உள்ளமும் பௌத்தர் பாவனைத் தொடக்கமும்

சைவ சித்தாந்தம் பயில்வாருட் பெரும்பாலோர் புத்த சமயத்தை அறிந்தது சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தின் வாயிலாகவே யாகும். அருணந்தி சிவாசாரியார் ஆண்டுச் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வர் கொள்கையினையும் எடுத்து நிறுத்தி முறையே மறுத்தருளினர். அம்மறுப்பினைப் பாடங்கேட்டு வல்லராயினார், புத்தர் கொள்கை முழுதும் யாம் அறிந்தேம் என்று அமைந்துவிடுதல் இயல்பு. யானும் நெடுங்காலம் அவ்வாறே அமைந்திருந்தேன். ஆயின், அந்நால்வருள் அடங்காது, தம் மறைநூல்களைப் பாலி மொழியிற் காத்து, இலங்கை, மியன்மா, தாய்லாந்து முதலிய நாடுகளில் இன்றும் நிலவிவருந் தேரவாதியர் என்பாரும் உளர். அன்றியும், ஒரு சமயத்தின் கோட்பாட்டை அறிதல் வேறு; அச்சமயத்தார் உள்ளத்தை எவ்வாறு பயிற்றுகின்றனர் என்பதை அறிதல் வேறு. பின்னது மறுப்பு நூல்களில் அகப்படுவதன்று.

இதனை யான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஓர் அன்பருடைய வினாவேயாம். அவர் உழவுத் தொழிலினர். அகவை ஐம்பதைக் கடந்தவர். தீக்கை பெற்று ஐந்தெழுத்தை நாடோறும் முறைப்படி உருவேற்றுபவர். சில திங்கட்கு முன் ஒருநாள் மாலை என் இல்லத்துக்கு வந்து, "ஐயா, வயலில் நிற்கும்போது என் மனம் ஒருவாறு அடங்கித்தான் இருக்கின்றது. பூசைக்கு அமர்ந்து கண்ணை மூடினால்தான் பேயாய் அலைகின்றது. இருக்க இருக்கக் கெடுகின்றேனோ என்று அஞ்சுகின்றேன். இதனை விட்டுவிடுதலே நன்றோ?" என்று கண்கலங்கி வினவினார். யான் அறிந்தவாறு சில கூறி விடுத்தேன். அவை அவர்க்கு அமைதி தரவில்லை என்பது அவர் சென்ற நடையிலேயே தெரிந்தது. பின்னர்ப் பாலி நூல்களின் பெயர்ப்புக்களைப் புரட்டியபோது, இவ்வொரு வினாவினையே முன்வைத்துக்கொண்டு அந்நூலார் பலபடியாக ஆராய்ந்திருத்தலைக் கண்டு வியந்தேன்.

அவற்றுள் தலையாயது விசுத்திமக்கம் என்பது. இது கி. பி. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்த புத்தகோசர் இயற்றியது. ஒழுக்கம், ஒருக்கம், அறிவு என்னும் மூன்றனையும் முறையே விரிப்பது. புத்தகோசர்க்கும் நம் நாட்டிற்குந் தொடர்புண்டு. அவர் அங்குத்தர நிகாயத்திற்கு வரைந்த உரையின் இறுதியில், காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்மோடு உறைந்த சோதிபாலர் என்னுந் தேரர் வேண்டியவாறு அவ்வுரையைச் செய்ததாகக் குறிக்கின்றார். விசுத்திமக்கத்தை ஞானமோலி என்னும் ஆங்கிலேயத் துறவி முற்றும் பெயர்த்து 1956-இல் கொழும்பில் வெளியிட்டனர். தமிழில் மணிமேகலை பன்னிரு சார்பினையும் அளவை நெறியினையும் விரித்துரைப்பினும், புதியோன் ஒருவன் எவ்வாறு அமர்தல் வேண்டும், அமர்ந்தபின் என்ன நிகழும் என்பவற்றை விரித்துரைக்கவில்லை. காப்பியத்திற்கு அது வேண்டப்படுவதுமன்று.

இனி, பயிலாத உள்ளம் யாது என்பது காண்போம். பாலி நூல்கள் பொதுமகனைக் கேள்வியில்லாத புதுச்சனன் என்று வழங்கும். இச்சொல்லைத் தமிழ்ப் 'புது' என்பதனோடு இயைத்து மயங்கற்க; வடமொழியிற் பிருதக்சனன் என வழங்குவது இதுவே. உரைகாரர் இதற்கு இருவகையாகப் பொருள் கூறுவர்: பலவாகிய மாசுகளைத் தோற்றுவிப்பவன் என்பது ஒன்று, மேலோரினின்றும் பிரிந்து நிற்பவன் என்பது மற்றொன்று. கேள்வியில்லாதவன் என்றது கல்வியறிவு இல்லாதவனை அன்று. உள்ளத்தைப் பற்றிய உரையைக் கேளாதவனும், கேட்டும் அதன்வழிப் பயிலாதவனும் ஆகிய இருவரையும் அச்சொல் தழுவும். ஆகவே பல நூல் கற்ற புலவனும் புதுச்சனன் ஆதல் கூடும். எழுதும் எனக்கு இவ்விடம் சற்று உறைத்தது.

இவனுக்கும் பயின்றோனுக்கும் உள்ள வேறுபாட்டை அம்பின்மேல் வைத்து அவர் விளக்குவர். இருவர்க்கும் உடல்நோவு ஒக்கும். பயிலாதவனோ அந்நோவு உற்றவழி வருந்தி அரற்றி உளம் புழுங்குதலின், ஓரம்பு பட்ட இடத்திலேயே மற்றோரம்பும் பட்டவன் போல்வான். பயின்றோன்மேற் படுவது முதலம்பு ஒன்றே. பாவனை இரண்டாம் அம்பைத் தடுத்தற்கே எழுந்தது. முதலம்பைத் தடுக்கும் என்று அவர் யாண்டும் உறுதி கூறிற்றிலர்.

சம்யுத்த நிகாயத்தில், நம்மவர் ஊன்றி நோக்குதற்குரிய பகுதி ஒன்றுளது. பொதுமகன் தன் உடம்பின்கண் ஒருகால் வெறுப்புக் கொள்ளுதல் கூடும். அது வளர்தலும் தேய்தலும் அவன் கண்முன்னரே நிகழ்தலின். உள்ளத்தின்கண்ணோ அவனுக்கு வெறுப்புத் தோன்றுவதில்லை. நெடுங்காலமாக அதனை எனது என்றும் யான் என்றும் பற்றிவந்தமையின். இவ்வாறு கூறிய புத்தர், அடுத்துக் கூறுவது வியப்பிற்குரியது. ஒன்றை யான் என்று பற்றியே தீருவதாயின், உள்ளத்தைப் பற்றுதலினும் உடம்பைப் பற்றுதல் நன்றாம், என்னை? உடம்பு ஓராண்டோ, பத்தாண்டோ, நூறாண்டோ ஒருவாறு நிற்கக் காண்கின்றோம்; உள்ளமோ பகலினும் இரவினும் ஒன்று தோன்ற ஒன்று மறையும். காட்டிற் றிரியுங் குரங்கு ஒரு கொம்பைப் பற்றி, அதனை விட்டு மற்றொன்றைப் பற்றிச் செல்வதனை அவர் இதற்கு உவமை கூறுவர். மனத்தைக் குரங்கென்றல் நம்மவர்க்கும் பழக்கமாய உவமையே. எனினும், நாம் அதனைக் குறும்பு பற்றிக் கூறுவோம். அவர் நிலையாமை பற்றிக் கூறினர்.

இவ்விடத்திற் சித்தாந்தி அவரொடு மாறுபடுதற்கு விரைய வேண்டுவதில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய தத்துவங்களென்றும், ஆன்மா அவற்றின் வேறென்றும் நாமுங் கொள்கின்றோம். அலைகின்ற குரங்கு யான் அல்லேன் என்பது இரு திறத்தார்க்கும் ஒத்த முடிபே. அதன்மேல் ஆன்மா என்று ஒரு பொருள் உண்டோ இன்றோ என்னுமிடத்தேதான் வழி பிரிகின்றது. அதனைப் பின்னர்ச் சுட்டுவேன்.

மற்றோர் உவமை இன்னும் நயமுடையது. பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு என்னும் ஆறனையும் ஒருவன் தனித்தனிக் கயிற்றாற் கட்டி, அக்கயிறுகளை நடுவே ஒன்றாக முடிந்து விட்டனன் என்க. பாம்பு புற்றை நோக்கியும், முதலை நீரை நோக்கியும், பறவை விண்ணை நோக்கியும், நாய் ஊரை நோக்கியும், நரி சுடுகாட்டை நோக்கியும், குரங்கு காட்டை நோக்கியும் இழுக்கும். எதற்கு வலிமை மிகுதியோ அதன்பின் ஏனைய ஐந்தும் இழுப்புண்டு செல்லும். இஃது ஐம்பொறியும் மனமும் பயிலாதவனை ஈர்க்குமாறு. இனி, அவ்வாறு கயிற்றினையும் ஒன்றோடொன்று முடியாது, நிலத்தில் ஆழ நட்ட ஒரு தூணிற் கட்டினால், ஆறும் தத்தம் புலத்தை நோக்கி இழுத்து இழுத்து, இளைத்தபின் அத்தூணின் அருகே நிற்கும், இருக்கும், கிடக்கும். தூண் என்றது உடம்பின்கண் வைத்த நினைவை. இருவழியும் விலங்குகள் அவையே, கயிறும் அதுவே. வேறுபட்டது தூண் ஒன்றே. விலங்கைக் கொல்லவுங் கூறிற்றிலர். அதன் இயல்பை மாற்றவுங் கூறிற்றிலர்.

உழவரன்பர் வினாவிற்கு விடை இங்கே உளது. புத்தகோசர், ஆன்மூச்சின்மேல் வைக்கும் நினைவைக் கூறுமிடத்து, ஆயன் ஒருவன் அடங்காத தாய்ப்பசுவின் பாலுண்டு வளர்ந்த முரட்டுக் கன்றைப் பழக்குமாறு காட்டுகின்றார். தாயினின்றும் பிரித்து ஒரு முளையிற் கட்டிய கன்று முதற்கண் அங்குமிங்கும் துள்ளும். ஓட வலியின்றி, ஈற்றில் அம்முளையை ஒட்டியே படுக்கும். கன்று துள்ளுதல் கட்டியதனால் உண்டாயதன்று. கட்டியதனால் தெரிய வந்தது. அவிழ்த்துவிட்ட கன்று நாள் முழுதும் ஓடினும், அதனை முரடு என்று எவருஞ் சொல்லார், மேய்கின்றது என்பர். வயலில் நிற்கும் மனம் அத்தகையது. அது அடங்கியதன்று, ஒரு தொழில் அதற்கு மேய்ச்சலாக அமைந்தமையின் இழுப்புத் தோன்றிற்றிலது. கண்ணை மூடி அமர்ந்த பொழுதே கயிறு இறுகுகின்றது. ஆதலின், அமர்ந்தபின் அலைவு மிகுந்ததாகக் காண்பது கேடன்று, காட்சியேயாம்.

அவ்வலைவின் கூறுகளை நீவரணம் ஐந்தென வகுத்தனர்: காமவேட்கை, வெகுளி, மடியுந் துயிலும், உள்ளக் கிளர்ச்சியுங் கழிவிரக்கமும், ஐயம் என்பன. இவற்றை விளக்க எழுந்த உரையாடல் ஒன்று பாடம் ஒப்பித்துப் பழகினார்க்கு மிக்க இனிமை தருவது. சங்காரவன் என்னும் அந்தணன் புத்தரை அடைந்து, நெடுநாள் ஓதிய மந்திரங்கள் சிலகால் நினைவிற்கு வாராமையும், ஓதாதனவுஞ் சிலகால் தாமே தோன்றுதலும் என்ன காரணத்தால் என்று வினவினான். அதற்கு அவர், நீர்க்கலம் ஐந்தனை உவமித்தார். சாயங் கலந்த நீரிலும், நெருப்பிற் கொதிக்கும் நீரிலும், பாசி மூடிய நீரிலும், காற்றால் அலைப்புண்ட நீரிலும், சேறுபட்டு இருளில் வைத்த நீரிலும் ஒருவன் தன் முகத்தை உள்ளவாறு காணான். வேட்கை சாயம், வெகுளி கொதிப்பு, மடி பாசி, கிளர்ச்சி காற்று, ஐயம் சேறு. யான் இளமையில் ஒரு திருமடத்தில் பாடங்கேட்ட நாளில், முந்நாள் இரவு பிழையின்றி ஒப்பித்த செய்யுள் ஆசிரியர்முன் நின்றவழி ஒருசீரும் வாராது நின்றதுண்டு. ஓதாமையே காரணமென்று பிரம்படி கிடைத்தது. காற்றே காரணமென்று அப்பொழுது எவர் கூறவல்லார்!

இவ்வுவமையில் ஒன்று குறிக்கத்தக்கது. நீர் தன்னியல்பில் தெளிவுடையதாகவே கொள்ளப்பட்டது. குற்றம் யாவும் வந்து கலந்தன. அங்குத்தர நிகாயத்தினும், உள்ளம் ஒளியுடையது, அது வந்தேறிய மாசுகளால் மாசுற்றது, இதனை அறியாமையின் பொதுமகனுக்கு உள்ளப்பயிற்சி இல்லை என்னுங் கருத்துப்பட ஒரு பகுதி உளது. வந்தேறிய என்பதற்குப் பாலிச் சொல் ஆகந்துக என்பதே. இச்சொல்லைக் கண்ட அளவிலே சித்தாந்தியின் செவி நிமிரும். நம் நூல்களும் மலத்தைச் சகசம் என்றும் ஆகந்துகம் என்றும் பகுக்கும். கன்மமும் மாயையும் ஆகந்துகம். ஆணவமோ செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் போல உடன்தோன்றி அநாதியாய் நிற்பது. புத்தர் அனைத்து மாசினையும் ஆகந்துகம் என்றார். நாம் மூலமாகிய ஒன்றனைச் சகசம் என்கின்றோம். இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லளவினதன்று. மாசு முழுதும் வந்ததாயின், வந்தது போதற்குத் தன் முயற்சியே அமையும். காற்று நின்றால் நீர் தானே தெளியும். களிம்பு செம்போடு உடன்பிறந்ததாயின், செம்பு தன்னைத் தான் தேய்த்துக்கொள்ள மாட்டாது. இரசகுளிகை ஒன்று புறத்தே நின்று வருதல் வேண்டும். பௌத்த நெறியில் ஆசிரியன் நல்ல நண்பனாய் வழிகாட்டி நிற்பதன்றி அருளுவோன் ஒருவன் இல்லாமையும், சைவ நெறியில் அருளின்றி யாதும் முடியாமையும் இவ்வொரு சொல்லினின்றே பிரிகின்றன என்பது என் துணிபு. அவர்தம் உரைகாரர் அவ்வொளியுடைய உள்ளம் என்றதனைப் பவங்கம் எனப்படும் அடிநிலை உணர்வென்று உரைத்து, அதனை நிலைபேறுடைய ஒரு பொருளாகக் கொள்ளாது காத்தனர் என்பதனையும் உடன் அறிதல் வேண்டும்.

இனிப் பயிற்சியிற் புகுவான் முதற்கண் அறுக்கவேண்டுந் தடைகள் பத்தென்பர்: உறைவிடம், தன்னைப் புரக்குங் குடி, ஊதியம், மாணாக்கர் கூட்டம், கட்டட வேலை, வழிச்செலவு, சுற்றம், நோய், நூற்பயிற்சி, சித்தி என்பன. ஒன்பதாவதை நோக்குக. ஓதலும் ஓதுவித்தலுந் தடையேயாம் என்று பல்லாயிரம் பக்கம் உரை வரைந்தவரே எழுதினர். உறைவிடத்திற்குப் பதினெட்டுக் குற்றம் வேறு எண்ணினர். பெரிதாயின் பலர் கூடுவர். புதிதாயின் வேலை ஒழியாது. பழுதாயின் பழுதுபார்க்க வேண்டும். குளம் அருகிருப்பின் நீர் கொள்வார் வருவர். கனிமரம் உளதாயின் கனிவேண்டி வருவர். புகழுடைய இடமாயின் அப்புகழே பகை. மடங்களில் வாழ்ந்தார்க்கு இப்பட்டியலில் ஒன்றும் பொய்யாகத் தோன்றாது.

பயில்வோர் இயல்பினையும் வேட்கையன், வெகுளியன், மயக்கன், நம்பிக்கையன், அறிவினன், ஆராய்ச்சியன் என அறுவகைப்படுத்து, நாற்பது பாவனைப் பொருள்களுள் இன்னார்க்கு இன்னது என்று வகுத்தனர். வேட்கையனுக்குப் பிணத்தின் நிலைகள். வெகுளியனுக்கு நட்பும் அருளும் முதலிய நான்கு. மயக்கனுக்கும், ஓயாது ஆராயும் மனத்தினனுக்கும் மூச்சின்மேல் நினைவு. ஒருவன் பெருக்குமாறும் உண்ணுமாறும் நடக்குமாறும் கண்டே ஆசிரியன் அவனியல்பைத் தெளிவானாம். எல்லார்க்கும் ஒரே மருந்து கொடுக்கும் வழக்கம் ஆண்டு இல்லை.

மூச்சின் பாவனையே தொடக்கநிலையார்க்கு மிகுதியும் பயன்படுவதாகலின், அதனை மட்டும் ஈண்டு விரிப்பேன். முதற்படி எண்ணுதல். ஐந்திற் குறையவும் பத்தின் மிகவும் எண்ணற்க. இடையே முறை பிறழவும் விடற்க என்பது விதி. இதற்குக் காரணமும் உரைத்தனர். ஐந்திற் குறைந்தால், குறுகிய தொழுவில் அடைபட்ட ஆனிரைபோல் உள்ளம் இடர்ப்படும். பத்தின் மிகுந்தால், மூச்சைவிட்டு எண்ணையே பற்றுக்கோடாகக் கொள்ளும். முறை பிறழ்ந்தால், பாவனை முற்றிற்றோ இல்லையோ என்னும் ஐயம் எழும். உள்ளத்தின் நுண்மை அறிந்தோர் அன்றி இவ்வாறு வரையறுக்க வல்லுநர் யார்? நெடுங்காலம் மணியுருட்டி, ஈற்றில் நூற்றெட்டு ஆயிற்றா என்பது ஒன்றே நினைவாய் நின்ற அனுபவம் நம்முட் பலர்க்கு உண்டு.

எண்ணுதலும் இருதிறம். முதலில் நெல் அளப்பான் போல மெல்ல எண்ணுக. அவன் மரக்காலை நிறைத்து, ஒன்று என்று சொல்லிக் கொட்டுவான். இடையிற் குப்பை கண்டால் பொறுக்கி எறிந்துகொண்டே, ஒன்று ஒன்று என்று சொல்லிக்கொண்டிருப்பான். மூச்சுத் தெளிவாய்ப் புலப்பட்டபின், தொழுவாயிலில் இருந்து பசுவை எண்ணும் ஆயன் போல விரைய எண்ணுக. அடைபட்ட ஆனிரை நெருக்கிக்கொண்டு வெளிப்படுதலின், அவன் ஒவ்வொன்றற்கும் ஒரு கல்லாக இட்டு, விரைந்து எண்ணுவான். இவ்வாறு எண்ணி வருங்கால், எண் இன்றியும் நினைவு மூச்சின்மேல் நிற்கும் நிலை ஒருநாள் வாய்க்கும். அப்பொழுது எண்ணை விட்டுவிடுக. எண், பெருக்குடைய ஆற்றில் ஓடத்தை நிறுத்தும் கோல் போல்வதன்றி வேறன்று.

எண்ணை விட்டபின் மூச்சைத் தொடர்தல். தொடர்தல் என்றதனால் மூக்கினின்று நெஞ்சிற்கும் நெஞ்சினின்று உந்திக்கும் மூச்சோடு உடன் ஓடுதல் வேண்டுமெனக் கருதற்க. அது உள்ளத்தைச் சிதறுவிக்கும். நகர்வாயில் காப்போன், ஊரினுள்ளும் புறத்தும் திரிவாரை எல்லாம் தேடிச்சென்று, நீ யார், எங்கிருந்து வருகின்றாய் என்று வினவான். வாயிலுக்கு வந்தாரையே ஆராய்வான். மரம் அறுப்பான், வாளின் பல் மரத்தைத் தொடும் இடத்தையே நோக்குவான். வருகின்ற பல்லையும் போகின்ற பல்லையும் நோக்கான். எனினும் அவை வந்துபோதல் அவனுக்குத் தெரியாமலும் இல்லை. அவ்வாறே மூக்கின் நுனியிலோ மேலுதட்டிலோ மூச்சுத் தொடும் இடத்தே நினைவை நிறுத்துக என்பர். 1949-இல் இரங்கூனில் கற்பிக்கத் தொடங்கிய மகாசி சயாதோ (1904-1982) என்பார், இதனை விடுத்து வயிற்றின் எழுச்சி வீழ்ச்சிகளை நோக்குமாறு கற்பித்தனர். இது பழைய நூலிற் கூறிய மூச்சுப் பாவனைக்கு மாறென்று இலங்கைத் துறவியர் சிலர் தடை நிகழ்த்த, உடம்பின் இயக்கத்தை உள்ளவாறு நோக்குதல் நூலுக்கு இயைந்ததே என்று அவர் சார்பினர் விடைகூறினர். மரபைக் காத்தலிற் பூசல் விளைதல் நம்மிடத்து மட்டும் உள்ளதன்று.

இடையே தீய நினைவு வந்து பற்றின் யாது செய்வது? மச்சிம நிகாயம் ஐந்து வழி கூறும். தச்சன் சிறிய ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பை வெளிப்படுத்துவது போல, நல்ல நினைவொன்றால் அதனை நீக்குக. நீங்காதாயின், அந்நினைவின் இழிவை எண்ணுக. அதனானும் நீங்காதாயின், கண்ணை வேறுபுறம் திருப்புவான் போல அதனைப் பொருட்படுத்தாது விடுக. அதுவும் இயலாதாயின், ஓடுகின்றவன் ஏன் ஓடுகின்றேன் என்று நடக்கவும், நடப்பவன் நிற்கவும், நிற்பவன் இருக்கவும், இருப்பவன் கிடக்கவும் எண்ணுமாறு போல, அந்நினைவை எழுப்பும் விசையைப் படிப்படியாகத் தணிக்க. இவை நான்கும் பயன்படாவிடத்தே பல்லைக் கடித்து உள்ளத்தை உள்ளத்தால் அடக்குதல். நம்மவர் பலர் ஐந்தாவதனையே முதலிற் கையாண்டு, தலைநோவு ஒன்றே பயனாகப் பெறுகின்றனர். சோணர் என்னுந் துறவி நடந்து நடந்து அடியிற் குருதி வழிய முயன்று, பயன்காணாது, இல்லறத்திற்கு மீள நினைத்தபோது, அவர் முன்பு வல்லவராயிருந்த வீணையின் நரம்பை நினைப்பித்து, மிக முறுக்கினும் மிக நெகிழ்த்தினும் இசை பிறவாதென்று புத்தர் தெருட்டிய வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பின்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏனைய பொருள்கள் பாவிக்கப் பாவிக்கத் தெளிவுறும். மூச்சோ பாவிக்கப் பாவிக்க நுணுகி, ஒருநிலையில் இல்லாததே போலாம். தொடக்கநிலையான், என் பாவனை கெட்டது என்று அஞ்சி எழுந்துவிடுவான். எழற்க என்கின்றார் புத்தகோசர். தாய் வயிற்றிற் கிடப்பார், நீரில் மூழ்கினார், இறந்தார், உயர்ந்த தியானநிலை உற்றார் முதலியோர்க்கே மூச்சில்லை. நீ அவருள் ஒருவன் அல்லை. ஆதலின் மூச்சு உளது, நின் நினைவு அதனை எட்டிற்றிலது என்று தன்னைத் தானே தெருட்டுக என்பர். அதன்மேற் கூறிய உவமையை உழவரன்பர்க்கு உரைத்தபோது அவர் முகம் மலர்ந்தது. உழவன் ஏரை அவிழ்த்து எருதுகளை மேயவிட்டு நிழலில் இருந்தான். அவை காட்டினுட் புகுந்தன. அறிவுடைய உழவன் அடிச்சுவடு பற்றிக் காடெல்லாம் திரியான். கயிறும் தாற்றுக்கோலுங் கொண்டு, அவை நீருண்ணும் துறைக்கே நேரே சென்று, இருந்தோ கிடந்தோ காத்திருப்பான். எருதுகள் நீருண்ண வந்தபோது பிணித்துக்கொள்வான். மூச்சு எப்பொழுதுந் தொடும் இடமே துறை. தேடி அலையற்க, அவ்விடத்தே இருக்க.

இங்ஙனம் எண்ணுபவனும் காத்திருப்பவனும் யார் என்னும் வினா நம்மவர்க்கு எழாதிராது. ஆன்மா இல்லையாயின், அலைந்த உள்ளத்தை மீட்டவன் எவன்? தேரவாதியர் விடை இது: மீட்பான் ஒருவன் வேண்டா, ஆசிரியன் சொல்லும், முன்னைய துணிவும், பலகாற் பழகிய பழக்கமும் சார்பாக நினைவு என்னும் உளநிகழ்ச்சி தோன்றுகின்றது, முன்னையாமத்துச் சுடரும் பின்னையாமத்துச் சுடரும் ஒன்றுமன்று, வேறுமன்று, ஒன்றின் வழி ஒன்று எழுவது. சித்தாந்தி இதன்மேலுங் கேட்பான்: யான் அலைந்தேன், இப்பொழுது மீண்டேன் என்னும் உணர்வு இரண்டு கணத்தையுந் தழுவியது, அலைந்த கணத்து உணர்வு அப்பொழுதே மாய்ந்தது, மீண்ட கணத்து உணர்வு அலைந்தபோது பிறந்திலது, இரண்டனையும் ஒருங்கறிந்து கூறுவது எது? சுடர் எண்ணெயை உண்ணும். முன்யாமத்துத் தான் நடுங்கியதை நினையாது. இவ்வினாவிற்கு அவர் கூறும் விடை எனக்கு அமைவுடையதாகத் தோன்றவில்லை. எனினும், இது பற்றி அவர்தம் கயிற்றையும் முளையையும் தள்ளிவிடுதல், கன்று யாருடையது என்னும் வழக்குத் தீருமளவும் அதனைக் கட்டாது விடுதலை ஒக்கும்.

துறையிற் காத்திருப்போனுக்குக் காலம் வாய்த்தபின் நிமித்தம் என்பது ஒன்று தோன்றும் என்பர். சிலர்க்குப் பஞ்சுபோலவும், சிலர்க்குத் தண்காற்றுப் போலவும், சிலர்க்கு விண்மீன், முத்து, மணி, புகை, முகில், தாமரை போலவும் அது தோன்றும். மூச்சு ஒன்றாயிருக்கத் தோற்றம் பலவாதல் காண்பார் குறிப்பு வேறுபாட்டால். ஒரே சூத்திரத்தை ஓதிய துறவியருள் ஒருவர்க்கு அது மலையருவி போன்றும், ஒருவர்க்குக் காட்டின் நிரைபோன்றும், ஒருவர்க்குக் கனிநிறைந்த நிழல்மரம் போன்றும் தோன்றியது போல. அதன்மேல் ஐந்து நீவரணமும் ஒடுங்குதல், அணுகுநிலை, ஒன்றிய நிலை, நான்கு தியானங்கள் என விரியும். அவை தொடக்கத்தின் வேறாகலின் ஈண்டு விடுத்தேன்.

நிமித்தம் தோன்றியவன் ஆசிரியனிடஞ் சென்று, ஐய, எனக்கு இன்னது தோன்றுகின்றது என்று கூறுவான். அவ்வழி ஆசிரியன் யாது கூறுதல் வேண்டும் என்பதில் இருவேறு மரபினைப் புத்தகோசர் குறித்துள்ளார். தீக நிகாயம் ஓதும் மரபினர், அதுவே நிமித்தம் என்றும் அன்று என்றும் கூறற்க. இவ்வாறு தோன்றுவது உண்டு, மேலும் மேலும் நினைக என்று மட்டுங் கூறுக என்பர். ஆம் என்றால் அவன் முயற்சியை நெகிழவிடுவான். அன்று என்றால் ஊக்கம் இழப்பான். மச்சிம நிகாயம் ஓதும் மரபினரோ, இதுதான் நிமித்தம், நன்று செய்தாய், இன்னும் நினைக என்று வெளிப்படையாகக் கூறுக என்பர்.

இளமையிற் பாடஞ் சொன்ன காலத்து யான் முதல் மரபினையே பின்பற்றினேன். மாணாக்கனை முகத்தெதிரே பாராட்டலாகாது என்பது எமக்குக் கற்பித்தோர் முறை. இப்பொழுது இரண்டாம் மரபினையே என் உள்ளம் விழைகின்றது. உழவரன்பர் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். மனம் ஓடியது ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது என்றும், ஆனால் ஓடியபின் ஓடிற்று என்பது முன்னையினும் விரைவில் தெரிகின்றது என்றும் கூறினார். நன்று செய்தீர் என்றேன்.